63 வயதுக்குக் கேட்ட கேள்வி, 50 வயதுக்குச் சொன்ன பதில்: ஹார்மோன் சிகிச்சையை மாற்றிய 2002 ஆய்வு

2002 ஜூலை 9 அன்று அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வைப் பாதியில் நிறுத்துவதாக அறிவித்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும், இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்தான புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை கொடுத்தால் இதயநோய் குறையுமா என்று பார்க்கத் தொடங்கிய ஆய்வு அது. குறையவில்லை, கூடியது. மார்பகப் புற்றுநோயும் கூடியது. "26 சதவீதம் அதிகம்" என்ற எண் உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த சில மாதங்களில் ஏராளமான பெண்கள் மருந்தை நிறுத்திவிட்டார்கள், மருத்துவர்களும் எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டார்கள்.

அந்த ஆய்வே தவறு என்று சொல்லும் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆய்வு ஒழுங்காக நடந்தது, அதன் எண்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல வருடம் கடந்தவர்களுக்கு, இதயநோயைத் தடுப்பதற்காக, ஒரு குறிப்பிட்ட மாத்திரையைக் கொடுக்கலாமா என்பதுதான் அதன் கேள்வி. வேண்டாம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலையே 50 வயதில் உடம்பு கொதித்து, தூக்கம் கெட்டு, மருத்துவரிடம் வரும் பெண்ணுக்கும் சொல்லிவிட்டார்கள். சேதம் அங்கேதான் தொடங்கியது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் விஷயத்திலும் இதே குழப்பம் வேறு வரிசையில் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இன்று கையில் இருக்கும் சிகிச்சை யாருக்கு, எப்போது, எதற்கு என்பது தெளிவாகும்.

உடம்பில் நடப்பது

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போது அதன் சினைப்பைகளில் சுமார் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும் நேரத்தில் அது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் ஆயிரம் அளவுக்கு வந்துவிடும். வளரும் முட்டையைச் சுற்றியுள்ள செல்கள்தான் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. முட்டை தீர்ந்தால் சுரப்பும் தீர்ந்தது. ஆனால் அது சீராக இறங்குவதில்லை. கடைசிச் சில வருடங்களில் ஒரு மாதம் உச்சத்துக்குப் போகும், அடுத்த மாதம் அடியோடு இறங்கும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையை எப்படியாவது வேலை வாங்க எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகும். பல பெண்களுக்குத் தொல்லை தொடங்குவது இந்த ஏற்ற இறக்கக் காலத்தில்தான். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் நின்றுவிட்டதாகக் கணக்கு. அமெரிக்காவில் அது சராசரியாக 51 வயதை ஒட்டி நடக்கிறது. இந்தியாவில் 46, 47-லேயே வந்துவிடுகிறது.

நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று திடீரென்று சூடு ஏறும். வியர்த்துக் கொட்டும். சில நிமிடத்தில் அடங்கி, நனைந்த துணியோடு குளிர் எடுக்கும். இதை வெகுகாலம் பெண்களின் மனநிலை சம்பந்தப்பட்டது என்று தள்ளிவிட்டார்கள். காரணம் மூளையில், ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் இருக்கிறது. உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியோடு தொடர்புள்ள ஒரு நரம்பணுக் கூட்டத்தை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் போனதும் அந்த அணுக்கள் பெருத்து, நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளைத் தாராளமாக வெளியிடுகின்றன. அப்புறம் உடல் வெப்பம் கொஞ்சம் கூடினாலே மூளை அதைப் பெரிய சூடாக எடுத்துக்கொண்டு, தோலின் ரத்தக்குழாய்களைத் திறந்து வியர்வையை விடுகிறது. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி இந்தத் தொல்லை வந்தவர்களுக்கு அது நீடித்த காலத்தின் நடு அளவு 7.4 வருடம், அதாவது பாதிப் பேருக்கு அதைவிட அதிகம். "ஆறு மாசத்துல சரியாகிடும்" என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு அநியாயம் என்று இந்த ஓர் எண்ணே காட்டுகிறது.

சூடு ஒருநாள் அடங்கும். பெண்ணுறுப்பு வறட்சி, உறவின்போது வலி, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவை அடங்குவதில்லை, வயது ஏற ஏறக் கூடும். எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரு கடிவாளம் என்பதால், மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாக அடர்த்தியை இழக்கிறது. அது வெளியே தெரியாது. 70 வயதுக்குப் பிறகு குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறியும்போதுதான் தெரியவரும்.

மாத்திரை வந்த வழி

கர்ப்பமான பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவைக்கு 1942-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிரிமாரின் என்ற அந்த மாத்திரை அரை நூற்றாண்டு சந்தையை ஆண்டது. 1960-களில் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மகப்பேறு மருத்துவர், மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் பெண்கள் என்றும் இளமையாக இருப்பார்கள் என்று பரப்பினார். விற்பனை எகிறியது. 1975-இல் வந்த இரண்டு ஆய்வுகள் அதை நிறுத்தின. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்த பெண்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் பல மடங்கு கூடியிருந்தது. ஈஸ்ட்ரோஜன் அந்தச் சுவரை வளர்க்கும், புரோஜெஸ்டிரோன் அதைக் கட்டுப்படுத்தும். முன்னதை மட்டும் கொடுத்தால் சுவர் வளர்ந்துகொண்டே போகும். அப்போது உருவான விதி இன்றும் மாறவில்லை: கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்து ஒன்றும் சேர வேண்டும். கருப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

1980-களில் இதயம் உள்ளே வந்தது. பல ஆயிரம் செவிலியர்களை 1976 முதல் பின்தொடர்ந்த ஆய்வில், ஹார்மோன் எடுத்தவர்களுக்கு இதயநோய் கணிசமாகக் குறைவாக இருந்தது. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு அரிது என்பதும் தெரிந்ததுதான். இரண்டும் பொருந்தியதால், தொல்லை இல்லாத பெண்களுக்கும் இதயத்தைக் காக்க ஹார்மோன் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஹார்மோன் எடுத்த அமெரிக்கப் பெண்கள் யார்? பெரும்பாலும் படித்தவர்கள், வசதியானவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள், ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போகிறவர்கள். நலம் மருந்தால் வந்ததா, வாழ்க்கை முறையால் வந்ததா என்று, மருந்து கொடுக்காமல் வெறுமனே பின்தொடர்ந்து பார்க்கும் கவனிப்பு ஆய்வில் முழுதாகப் பிரிக்க முடியாது. 1998-இல் ஏற்கெனவே இதயநோய் இருந்த 2,763 பெண்களிடம், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு முதல் அடி கொடுத்தது: மொத்தத்தில் பலன் இல்லை, முதல் வருடத்தில் பாதிப்பு அதிகம்.

16,608 பெண்கள்

இதற்குள் பெரிய ஆய்வு தொடங்கிவிட்டது. தேசியச் சுகாதார நிறுவனத்தின் முதல் பெண் தலைவரான பெர்னடின் ஹீலி 1991-இல் தொடங்கி வைத்த 'பெண்கள் நல முன்முயற்சி', 40 மையங்களில் 50 முதல் 79 வயது வரையிலான 1,61,808 பெண்களைச் சேர்த்தது. அதற்கு முன் இதயநோய் ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களை வைத்தே நடந்தன. பெண்களின் கேள்விக்குப் பெண்களிடமே விடை தேடிய இந்த முயற்சியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பின்னால் நடந்த குழப்பம் அதைக் குறைக்கவில்லை.

அதன் ஒரு பகுதியாக, கருப்பை உள்ள 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 8,506 பேருக்கு 0.625 மில்லிகிராம் குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிடேட் என்ற புரோஜெஸ்டின் 2.5 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று. 8,102 பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று இருதரப்புக்கும் தெரியாது. கருப்பை எடுத்த 10,739 பேருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தரும் இன்னோர் ஆய்வு தனியாக நடந்தது.

யார் சேர்ந்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 50-களில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. 45 சதவீதம் பேர் 60-களில், ஐந்தில் ஒருவர் 70-களில். கடுமையான சூட்டுத் தொல்லை உள்ள பெண் இப்படி ஓர் ஆய்வுக்கு வருவது கடினம். வெறும் மாத்திரை கிடைத்தால் வருடக்கணக்கில் தாங்க வேண்டும். மருந்து கிடைத்தாலோ சில வாரத்தில் தனக்கே தெரிந்துவிடும். ஆக, ஹார்மோனை எந்தத் தொல்லைக்காக மருத்துவர்கள் எழுதினார்களோ, அந்தத் தொல்லை உள்ளவர்கள் ஆய்வில் குறைவு. இதயநோயைப் பற்றிய கேள்விக்கு வயதானவர்களைச் சேர்த்தது சரியான முடிவுதான். நோய் வரும் வயதில் இருப்பவர்களைப் பார்த்தால்தான் வித்தியாசம் விரைவில் தெரியும்.

8.5 வருடம் நடக்க வேண்டியது சராசரி 5.2 வருடத்தில் நின்றது. 2002 மே 31 அன்று கண்காணிப்புக் குழு எண்களைப் பார்த்தபோது, மார்பகப் புற்றுநோய் முன்பே போட்டிருந்த எல்லையைத் தாண்டியிருந்தது. மருந்து எடுத்தவர்களில் 166 பேர், எடுக்காதவர்களில் 124 பேர். இதை ஆண்டுக் கணக்கில் மாற்றினால், 10,000 பெண்களில் 30 பேருக்கு வர வேண்டியது 38 பேருக்கு வந்தது. இதயநோய் 30-லிருந்து 37. பக்கவாதம் 21-லிருந்து 29. நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு 8-லிருந்து 16. மறுபக்கம், இடுப்பு எலும்பு முறிவு 15-லிருந்து 10-ஆகவும், பெருங்குடல் புற்றுநோய் 16-லிருந்து 10-ஆகவும் குறைந்தன. இறப்பில் வித்தியாசம் இல்லை.

"26 சதவீதம்" என்பதும் "பத்தாயிரத்தில் எட்டுப் பேர்" என்பதும் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன. முதலாவதைக் கேட்ட பெண், தனக்குப் புற்றுநோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு என்று புரிந்துகொள்ள இடமிருந்தது. இரண்டாவதைச் சொல்லியிருந்தால் அவள் தன் தொல்லையையும் அந்த எட்டையும் பக்கத்தில் வைத்துத் தானே முடிவெடுத்திருப்பாள். மருத்துவச் செய்தி எழுதும் ஒவ்வொருவரும் சதவீதத்துக்குப் பக்கத்தில் தலைக்கணக்கையும் கட்டாயம் போட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் புற்றுநோய் அபாயம் பொய்யும் இல்லை. நீண்டகாலத் தொடர்ச்சியிலும் அது அப்படியே நின்றது. அமெரிக்காவில் 1999-இல் ஆண்டுக்கு 9 கோடியைத் தொட்டிருந்த ஹார்மோன் மருந்துச் சீட்டுகள் 2003-இல் 5.7 கோடி என்ற அளவுக்கு விழுந்தன. அதே 2003-இல் நாட்டின் மார்பகப் புற்றுநோய் விகிதம் 6.7 சதவீதம் குறைந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் விலையும் இருந்தது. தென் கலிஃபோர்னியாவில் 80,955 பெண்களைப் பின்தொடர்ந்தபோது, ஹார்மோனை நிறுத்தியவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு, தொடர்ந்தவர்களைவிட 55 சதவீதம் கூடுதலாக இருந்தது.

வயது வாரியாகப் பிரித்தபோது

ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த ஆய்வு 2004-இல் நின்றது. பக்கவாதம் கூடியதுதான் காரணம். ஆனால் மார்பகப் புற்றுநோய் அங்கே கூடவில்லை, குறைந்த பக்கம் சாய்ந்திருந்தது. 2020-இல் சுமார் இருபது வருடத் தொடர்ச்சியைக் கணக்கிட்டபோது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 22 சதவீதமும், அதனால் ஏற்படும் இறப்பு 40 சதவீதமும் குறைவு. சேர்க்கை மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம். பெண்களை அச்சுறுத்திய ஈஸ்ட்ரோஜனைவிட, கூடவே வந்த செயற்கைப் புரோஜெஸ்டின் மேல்தான் சந்தேகம் விழுகிறது. இந்தச் செய்தி 2002 செய்தி போன இடங்களில் பாதிக்குக்கூடப் போகவில்லை என்பது என் வருத்தம்.

அப்புறம் வயது. 2013-இல் இரு ஆய்வுகளின் நன்மை தீமைகளையும் வயது வாரியாகக் கூட்டிக் கழித்தார்கள். சேர்க்கை மாத்திரையில், 10,000 பெண்களுக்கு ஆண்டுக்கு 50-களில் 12 கூடுதல் பாதிப்பு, 70-களில் 38. ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால், 50-களில் 19 குறைவு, 70-களில் 51 கூடுதல். ஒரே மருந்து, ஒரே அளவு. வயது மாறியதும் கணக்கின் திசையே மாறிவிட்டது.

ஏன்? ஆரோக்கியமான ரத்தக்குழாயில் ஈஸ்ட்ரோஜன் சுவரை நெகிழ்வாக வைத்துக் கொழுப்புப் படிவதைத் தாமதப்படுத்துகிறது. 65 வயதில் ஏற்கெனவே படிவு இருக்கும். அங்கே மாத்திரையாக விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறையச் செய்யும் புரதங்களைக் கூட்டும்போது, அந்தப் படிவின் மேல் ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு அதிகம். 2016-இல் 643 பெண்களிடம் நடந்த ஆய்வு இதைக் கழுத்து ரத்தக்குழாயில் அளந்து பார்த்தது. மாதவிடாய் நின்று ஆறு வருடத்துக்குள் தொடங்கியவர்களுக்குக் குழாய்ச் சுவர் தடிப்பது மெதுவாகியது. பத்து வருடம் கடந்தவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. மறதி நோய்க் கணக்கும் வயதைச் சார்ந்ததே. 65 வயதுக்கு மேற்பட்ட 4,532 பெண்களில் சேர்க்கை மாத்திரை எடுத்தவர்களில் 40 பேருக்கும், எடுக்காதவர்களில் 21 பேருக்கும் அது வந்தது. 50-களில் தொடங்குபவர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அதே சமயம், சீக்கிரம் தொடங்கினால் மறதி நோயைத் தடுக்கும் என்று சொல்லவும் ஆதாரம் போதாது.

நம் ஊருக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. இந்தியாவில் 30-களிலேயே கருப்பையை அகற்றிக்கொள்ளும் பெண்கள் நிறைய. கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், பல வருடத்தில் இறங்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஓரிரு நாளில் இறங்கிவிடும். இவர்களுக்கு எலும்பும் இதயமும் சீக்கிரம் பாதிக்கப்படும் என்பது தெரிந்த விஷயம். தடை எதுவும் இல்லாவிட்டால், மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயதுவரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டும் என்றே சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சராசரி 63 வயதுப் பெண்களின் ஆய்வைக் காட்டி 36 வயதுப் பெண்ணுக்கு மறுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

ஆண்கள்: விற்பனை முதலில், ஆய்வு பிறகு

ஆணுக்கு இப்படி ஒரு நிறுத்தம் கிடையாது. விரைகளில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்கள் மெதுவாகக் களைத்து, 30, 40 வயதுக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் என்ற கணக்கில் இறங்கும். பலருக்கு அது இயல்பான எல்லைக்குள்ளேயே நிற்கும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான முடிவில், குறைந்த ஹார்மோன் அளவும் அதற்கேற்ற பாலுறவு அறிகுறிகளும் சேர்ந்து இருந்தவர்கள் 2.1 சதவீதம் மட்டுமே. மற்றவர்களின் சோர்வுக்குப் பெரும்பாலும் உடல் பருமன், சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, சில வலி மருந்துகள் என்று வேறு காரணங்கள் இருக்கும். இவற்றில் பல, ஹார்மோனையும் சேர்த்தே இறக்கக்கூடியவை. எடை குறைந்தால் அளவு தானாக ஏறும்.

ஆண்மையை ஊசியில் ஏற்றும் ஆசை பழையது. பாரிஸில் 1889-இல், 72 வயதான பிரௌன் செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், நாய், கினிப்பன்றி விரைகளின் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு பலம் திரும்பியதாக அறிவித்தார். நீரில் எடுத்த அந்தச் சாற்றில் டெஸ்டோஸ்டிரோன் செயல்படும் அளவுக்கு இருந்திருக்க வழியில்லை. ஹார்மோன் பிரித்தெடுக்கப்பட்டதே 1935-இல்தான். 2000-இல் தோலில் தடவும் ஜெல் ஒன்று அமெரிக்காவில் வந்த பிறகு, களைப்பா, ஆர்வக் குறைவா, உங்களுக்கு ஹார்மோன் குறைவாக இருக்கலாம் என்ற விளம்பரங்கள் தொலைக்காட்சியை நிறைத்தன. பெண்களுக்கு 1990-களிலேயே 27,000 பேரை வைத்து ஆய்வு தொடங்கியிருந்த நாட்டில், வயதான ஆண்களுக்கு அதுபோல் எதுவும் இல்லாமலே விற்பனை பல மடங்கானது.

ஆய்வு 2016-இல் வந்தது. 65 வயதைக் கடந்து, அளவு உண்மையிலேயே குறைந்தவர்களைத் தேட 51,085 ஆண்களைச் சலித்து 790 பேரை எடுத்தார்கள். விளம்பரம் சொன்ன குறை எவ்வளவு அரிது என்று அந்தச் சலிப்பே காட்டிவிட்டது. ஒரு வருடம் ஜெல் தடவியவர்களுக்குப் பாலுறவு ஆர்வம் மிதமாகக் கூடியது, மனநிலை சற்றுத் தேறியது, ரத்தசோகை குறைந்தது, எலும்பு அடர்த்தி ஏறியது. களைப்பு நீங்கவில்லை, நினைவாற்றலும் மேம்படவில்லை. பெரும்பாலோர் எதற்காகக் கேட்டார்களோ, அதற்குப் பலன் இல்லை.

இதயத்தைப் பற்றிய சந்தேகம் அப்போதும் பாக்கி. 2009-இல் சராசரி 74 வயதுள்ள ஆண்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு, இதயப் பாதிப்புகள் கூடியதால் நிறுத்தப்பட்டது. 2015-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், வயதானதால் மட்டும் குறைந்த அளவுக்கு இந்த மருந்து அனுமதிக்கப்படவில்லை என்று உறையில் எழுத வைத்தது. 2023-இல் டிராவர்ஸ் ஆய்வு வந்தது. இதயநோயோ அதற்கான அபாயமோ உள்ள, அளவு குறைந்த, 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு மூன்றும் சேர்ந்து மருந்து எடுத்தவர்களுக்கு 7.0 சதவீதம், மற்றவர்களுக்கு 7.3 சதவீதம். நிம்மதிதான். ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டியும் மருந்துப் பக்கம் கூடுதல். எதிர்பாராத இன்னொன்றும் தெரிந்தது: எலும்பு முறிவு மருந்து எடுத்தவர்களுக்கு 3.5 சதவீதம், மற்றவர்களுக்கு 2.5. அடர்த்தி ஏறினால் முறிவு குறையும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. பரிசோதனை எண்ணை மட்டும் பார்த்து மருந்து எழுதுவது ஏன் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்று கையில் இருப்பவை

60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், சூட்டுத் தொல்லையோடு வரும் பெண்ணுக்கு ஹார்மோன்தான் இருப்பதிலேயே வலுவான மருந்து. ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகையான ஈஸ்ட்ரடையோலைத் தோலில் ஒட்டும் பட்டையாகவோ ஜெல்லாகவோ கொடுத்தால் கல்லீரலைத் தாண்டிப் போவதால், ரத்தக்கட்டி அபாயம் மாத்திரையைவிடக் குறைவாகத் தெரிகிறது. கருப்பை இருந்தால் கூடவே புரோஜெஸ்டிரோன். இப்போது பலர் உடலில் சுரப்பதை ஒத்த நுண்துகள் புரோஜெஸ்டிரோனைத் தேர்வு செய்கிறார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக்கட்டி வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் முதலில் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

வறட்சியும் சிறுநீர்த் தொற்றும் மட்டும்தான் தொல்லை என்றால், பெண்ணுறுப்பில் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் போதும். ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். ஆனாலும் 2003-க்குப் பிறகு பல வருடம் அந்தக் கிரீம் பெட்டியிலும் மாரடைப்பு, பக்கவாதம், மறதி நோய் என்று கட்டம் கட்டிய எச்சரிக்கை இருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை வாங்கி, அட்டையைப் படித்துவிட்டு, பிரிக்காமலே ஓரமாக வைத்த பெண்கள் எத்தனை பேரோ. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை எடுப்பதாக அறிவித்தது. கிரீம் விஷயத்தில் இது எப்போதோ நடந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அறிவிப்போடு, ஹார்மோன் இதயத்தையும் மூளையையும் காக்கும் என்ற வாக்குறுதிகளும் சேர்ந்து வந்தது எனக்குக் கவலை தருகிறது. தொல்லை இல்லாத பெண்களுக்கு நோய்த் தடுப்புக்காக மட்டும் ஹார்மோன் வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022-இலும் உறுதி செய்திருக்கிறது.

ஹார்மோன் ஆகாதவர்களுக்கு நிலைமை முன்பைவிட நன்று. நியூரோகைனின் பாதையை அடைக்கும் ஃபெசோலினெடன்ட் 2023-இல் அனுமதி பெற்றது. அரிதாகக் கல்லீரலைப் பாதிப்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். மனச்சோர்வு மருந்தான பராக்ஸெட்டின் குறைந்த அளவில், நரம்பு வலி மருந்தான கபாபென்டின், சிந்தனை நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் எடுப்பவர்கள் பராக்ஸெட்டினைத் தவிர்க்க வேண்டும். அது டமாக்ஸிஃபென் வேலை செய்வதைக் கெடுக்கும்.

ஆண்களுக்கு முதல் படி ஒழுங்கான பரிசோதனை. காலையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுக்க வேண்டும், ஏனென்றால் அளவு மாலைக்குள் இறங்கிவிடும். இரண்டும் குறைந்து, அறிகுறியும் இருந்து, எடை, தூக்கம், சர்க்கரை எல்லாம் பார்த்தபின்தான் ஜெல் அல்லது ஊசி. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் ஆணுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளை தன் உத்தரவை நிறுத்தும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஊசிகளால் இது இளைஞர்களுக்கே நடக்கிறது. எடுப்பவர்களுக்கு ரத்தச் சிவப்பணு அளவு, ரத்த அழுத்தம், புரோஸ்டேட் மூன்றையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஜெல் தடவிய தோள் மேல் குழந்தையைத் தூக்கிப் போடாதீர்கள். தொட்டதிலேயே சிறு குழந்தைகளுக்குப் பருவ அறிகுறிகள் வந்ததால், 2009-இல் இதற்கென்றே தனி எச்சரிக்கை போட வேண்டியிருந்தது.

இனி பாக்கி இருப்பது ஒரு பெரிய ஆய்வு. 16,608 பெண்கள் விழுங்கிய மாத்திரை இன்று பல நாடுகளில் முதல் தேர்வாக இல்லை. இன்று எழுதப்படும் தோல் பட்டையையும் நுண்துகள் புரோஜெஸ்டிரோனையும், 50 வயதை ஒட்டிய பெண்களிடம், மாரடைப்பு, புற்றுநோய், எலும்பு முறிவை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு ஆள் சேர்த்துப் பல வருடம் குலுக்கல் முறையில் யாரும் சோதிக்கவில்லை. அவை பாதுகாப்பானவை என்ற நம்பிக்கை பெரும்பாலும் கவனிப்பு ஆய்வுகளையும் சிறிய ஆய்வுகளையும் நம்பி நிற்கிறது. ஆண்களின் பக்கத்தில் டிராவர்ஸ் ஆய்வில் சராசரியாக மருந்து எடுத்த காலம் இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை. பத்து வருடம் எடுப்பவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. 50-களில் இருக்கும் பெண்ணிடமும் 60-களில் இருக்கும் ஆணிடமும் மருத்துவர் இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் மருந்து எழுத வேண்டும்.